ஓடாத கிட்னியையும் மறக்கக் கூடாது: டயாலிசிஸ்காரர்கள் செய்யும் தவறுகள்

டயாலிசிஸ் தொடங்கியதும் பலர் பழைய கிட்னியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். "அதுதான் ஓடலையே, அதுக்கு எதுக்கு ஸ்கேன்?" என்பார்கள். வேலை நின்றாலும் அது உள்ளேதான் இருக்கிறது. வருஷம் போகப் போகச் சுருங்கிய அந்தக் கிட்னியில் நீர்க்கட்டிகள் முளைக்கின்றன. 1977இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள், நீண்டகாலம் டயாலிசிஸில் இருந்து இறந்த 30 பேரின் கிட்னிகளைப் பரிசோதித்தார்கள்; 14 பேருக்குக் கட்டிகள் இருந்தன. பத்து வருஷம் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு.

ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' (நீர்க்கட்டி) என்று பார்த்ததும் பரம்பரை நோய் என்று பயந்து பிள்ளைகளை ஸ்கேனுக்கு இழுத்துப் போகாதீர்கள். பரம்பரை நோயில் கிட்னி பெருத்திருக்கும். இதில் பெரும்பாலும் சிறுத்திருக்கும். எது என்று டாக்டரைக் கேளுங்கள், போதும்.

எனக்கு அதிகம் பயம் தருவது விலா வலியை வாயுப்பிடிப்பு என்று விடுவதுதான். கட்டி உடைந்து ரத்தம் கசிந்தால் யூரின் சிவப்பாகலாம். யூரினே வராதவருக்கு அந்த அடையாளமும் கிடைக்காது. ரத்தம் கிட்னியைச் சுற்றித் தேங்கும். வெயிட், பிபி பார்த்து, ஊசி குத்தி, மிஷின் ஓடி ஒரு மணி நேரம் ஆன பிறகு, "நேத்து ராத்திரியிலிருந்தே வலி சார்" என்பார் ஒருவர். அதற்குள் ஹெப்பாரின் உடம்பில் ஏறியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அந்த மருந்து கசிவைக் கூட்டிவிடும். ஊசி குத்தும் முன்பே சொன்னால் ஹெப்பாரின் இல்லாமலும் ஓட்ட முடியும்.

குளிர்காய்ச்சல் வந்தால் பழியெல்லாம் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட டியூபுக்குத்தான். கட்டியிலும் சீழ் பிடிக்கும்.

அப்புறம், ஹீமோகுளோபின் சந்தோஷம். 9இலேயே கிடந்தது, ரத்தம் ஊற வைக்கும் ஹார்மோனான எரித்ரோபாய்டின் ஊசியைக் குறைத்தும் 13க்கு ஏறினால் வீட்டில் பேரீச்சம்பழத்துக்குப் பாராட்டு கிடைக்கும். கட்டிகளே அந்த ஹார்மோனைச் சுரக்கலாம். அரிதாகப் புற்றுக்கட்டியும் சுரக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

சிலருக்கு இந்தக் கட்டிகளில் புற்றுநோய் வரும், பெரும்பாலும் வலியே காட்டாமல். ஆண்களுக்கும் பல வருஷம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். மாற்றுக் கிட்னி வைத்த பிறகு கட்டிகள் சுருங்கலாம், ஆனால் இந்த ஆபத்து முழுதாகப் போவதில்லை. பழைய கிட்னிகளைப் பொதுவாக எடுப்பதும் இல்லை. ஸ்கேனில் அடிவயிற்றில் வைத்த புதுக் கிட்னியை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது உண்டு. ஸ்கேன் சீட்டில் 'பழைய கிட்னிகளும்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.