ஸ்டேக் சுவிட்ச் இரண்டாகப் பிரிந்தபோது

நுவரெலியாவில் பனிமூட்டக் காலத்து ஈரம் நெட்வொர்க் கருவிகளை அடுக்கிய ராக்கிற்குள்ளும் வந்துவிடும். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டேக் செய்த, அதாவது கேபிளால் இணைத்து ஒன்றாக இயங்க வைத்த, இரு நெட்வொர்க் சுவிட்சுகள் விட்டுவிட்டுப் பிரிந்தன. தலைமை தாங்கும் மாஸ்டர் சுவிட்சின் ஹார்ட்பீட்டை, அதாவது ‘இயங்குகிறேன்’ என்ற சிக்னலை, மற்ற சுவிட்ச் ஸ்டேக் கேபிள் வழியே கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சிக்னல் நின்றால் மற்றது தானே மாஸ்டராகிவிடும். பிறகு இரண்டும் ஒரே ஐபி முகவரியைத் தமதென்று சொல்லும், இணைப்பைச் சோதிக்கும் பிங் தவறும்.

சுவிட்சின் நிகழ்வுப் பதிவான லாக்கில் ஸ்டேக் போர்ட் டவுன், அப், டவுன். கோளாறு கேபிள் இணைப்பில்தான் என்று பட்டதால் சாப்ட்வேரைத் தொடவில்லை. மின்சாரத்தை நிறுத்திக் கேபிளைக் கழற்றினால், தங்கமுலாம் முனைகளில் மங்கலாய்ப் படலம். 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டேன். தேய்ப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விடும். ஸ்க்ரூக்களைக் கையால் சமமாக இறுக்கினேன்.

உண்மையான குறை, ஒரே கேபிள்தான் இருந்தது. இரண்டாவதைப் போட்டு வளையமாக்கினேன். இனி ஒன்று கழன்றால் வேகம் குறையும், பேச்சு நிற்காது.