தருமபுரி வெயிலுக்கு ஏற்ற ஜெர்மானியம் ஃபஸ் பெடல்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கக் காலால் அழுத்தும் கருவி ஃபஸ் பெடல். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் வட்டப் பெட்டிக்குள் இருப்பவை இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், நான்கு ரெசிஸ்டர்கள், மூன்று கண்டென்சர்கள், இரண்டு கண்ட்ரோல்கள் மட்டுமே. இவ்வளவு சிறிய சர்க்யூட்டை ஒரே மாலையில் கட்டிவிடலாம். ஆனால் லண்டன் குளிருக்குப் பொருந்திய டிரான்சிஸ்டர் அக்னி நட்சத்திரக் காலத்துத் தருமபுரியில் பொருந்தாது. இங்கே இந்தப் பெடலைப் பழுது பார்ப்பவரும் புதிதாகக் கட்டுபவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

பழைய பெடல் ஒன்று மேசைக்கு வந்ததும் டிரான்சிஸ்டரின் மேல் கை வைக்கக் கூடாது. பெரும்பாலான கோளாறுகள் ஜாக்கிலும் ஃபுட் ஸ்விட்சிலும் பேட்டரி கிளிப்பிலுமே இருக்கும். கிட்டார் வயரைச் செருகினால்தான் பேட்டரி இணைப்பு முழுமையாகும்படி இன்புட் ஜாக் அமைந்திருப்பதால், அதன் தகடு தளர்ந்திருந்தாலே பெடல் ஊமையாகிவிடும். அடுத்து எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள். ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை உள்ளே காய்ந்திருக்கும் என்பதால் 2.2, 20 மைக்ரோ ஃபாரட் இரண்டையும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். 20க்குப் பதில் 22 போட்டால் ஒலியில் வேறுபாடு தெரியாது. பிஎன்பி என்ற வகை டிரான்சிஸ்டர் கொண்ட பழைய பெடல்களில் பேட்டரியின் நேர் முனைதான் எர்த். எனவே 2.2இன் நேர் முனை கிட்டார் பக்கமும், 22இன் நேர் முனை எர்த் பக்கமும் அமைய வேண்டும். இதே காரணத்தால், மற்றப் பெடல்களுக்கு மின்சாரம் தரும் அடாப்டரில் இதைச் சேர்த்து மாட்டினால் அடாப்டர் ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரியே பாதுகாப்பானது.

இவ்வளவு செய்தும் ஒலி சரியாகவில்லையென்றால் டிரான்சிஸ்டரை அளக்கலாம். மல்டிமீட்டரில் பெருக்கத்தை அளப்பதற்கென்று உள்ள எச்எஃப்இ துளையில் செருகிக் கிடைக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஜெர்மானியத்தில் தானாகவே ஓடும் கசிவு மின்னோட்டத்தையும் அது பெருக்கமாகவே கணக்கிட்டுவிடும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். எமிட்டரைப் பேட்டரியின் நேர் முனையில் இணையுங்கள். 2.2 கிலோ ஓமையும் 270 ஓமையும் தொடராகச் சேர்த்து, அதன் வழியாகக் கலெக்டரை எதிர் முனையில் இணையுங்கள். பேஸைத் திறந்து விட்ட நிலையில் அந்த ரெசிஸ்டர்களின் குறுக்கே தெரியும் வோல்ட் முழுவதும் கசிவு. பின்னர் பேஸை 2.2 மெகா ஓம் வழியாக எதிர் முனைக்குக் கொடுத்து மீண்டும் அளந்து, இரண்டின் வேறுபாட்டை நூறால் பெருக்கினால் உண்மையான பெருக்கம் கிடைக்கும். முதலில் 0.2, பின்னர் 1.0 என்று காட்டினால் பெருக்கம் 80.

அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரல்களால் பிடிக்கக் கூடாது. நான் ஒருமுறை ஏசி 128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் அலுமினியக் குப்பியை இரு விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன், 0.18இலிருந்து எண் மெல்ல மெல்ல ஏறி, அரை நிமிடத்தில் 0.30ஐத் தாண்டியது. விரலை எடுத்த பிறகு பழைய நிலைக்கு இறங்கப் பல நிமிடங்கள் ஆயின. உடலின் சூடே இவ்வளவு செய்யுமானால் மே மாத வெயில் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜெர்மானியத்தின் கசிவு சுமார் பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் இரு மடங்காகிறது. மார்கழிக் காலையின் 20 டிகிரியில் 0.15 வோல்ட் காட்டும் டிரான்சிஸ்டர், 40 டிகிரி நடுப்பகலில் 0.6 வோல்ட், அதாவது ஏறத்தாழ கால் மில்லி ஆம்பியர் கசியும். பெடலில் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிடைக்கும் மொத்த மின்னோட்டமே கால் மில்லி ஆம்பியர்தான். அது முழுவதையும் கசிவே தின்றுவிட்டால் இரண்டாவது டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ளும்; ஒலி திக்கித் திக்கி வந்து பின்னர் அடங்கிவிடும். ஆகவே நடுப்பகலில் அளந்து, 0.25 வோல்ட்டுக்குக் குறைவாகக் கசிவதையே முதல் இடத்தில் வையுங்கள். அதன் பெருக்கம் 70 முதல் 80 வரையும், இரண்டாவதன் பெருக்கம் 110 முதல் 130 வரையும் இருப்பது நல்லது. ஓசூர் மேட்டில் வசிப்பவர்கள் இந்த வரம்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

டிரான்சிஸ்டருக்குப் பழைய ரேடியோக்களே நல்ல சுரங்கம். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஏசி 128 அவற்றில் இன்னும் கிடைக்கிறது. பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டிலும் தேடலாம். ஆனால் நான் ஒரு கடையில் வாங்கிய பத்தில் நான்கு, ஜெர்மானியம் என்று அச்சிடப்பட்ட சிலிக்கானாக இருந்தன. மீட்டரின் டையோடு நிலையில் 0.6 காட்டினால் அது சிலிக்கான், ஜெர்மானியம் 0.3க்குள் நிற்கும்.

புதிதாகக் கட்டும்போது முதல் எமிட்டரை எர்த்துக்கும், முதல் கலெக்டரை நேரடியாக இரண்டாவது பேஸுக்கும், 33 கிலோ ஓம் வழியாகப் பேட்டரியின் எதிர் முனைக்கும் கொடுங்கள். கிட்டார் ஒலி 2.2 மைக்ரோ ஃபாரட் வழியாக முதல் பேஸுக்கு வரும். இரண்டாவது எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் முதல் பேஸுக்குத் திரும்ப வேண்டும். அதே எமிட்டர் 1 கிலோ ஓம் ஃபஸ் கண்ட்ரோல் வழியாக எர்த்தை அடையும், அதன் நடுக்காலில் 22 மைக்ரோ ஃபாரட் அமரும். இரண்டாவது கலெக்டரிலிருந்து 8.2 கிலோ ஓமும் 470 ஓமும் தொடராகப் பேட்டரியின் எதிர் முனைக்குச் செல்லும். இரண்டும் சேருமிடத்தில் 0.01 மைக்ரோ ஃபாரட் வழியாக ஒலியை எடுத்து 500 கிலோ ஓம் வால்யூமுக்குக் கொடுங்கள். டிரான்சிஸ்டர்களைச் சாக்கெட்டில் செருகுவதே என் வழக்கம். சால்டர் செய்தே ஆக வேண்டுமென்றால் காலை நோஸ் பிளேயரால் கவ்விக்கொண்டு, மூன்று விநாடிக்குள் முடித்துவிடுங்கள்.

8.2 கிலோ ஓம் இருக்குமிடத்தில் 20 கிலோ ஓம் டிரிம்மர், அதாவது திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர், வைத்து, இரண்டாவது கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருப்புங்கள். பெட்டியின் அடித்தகட்டில் டிரிம்மருக்கு நேராக ஒரு சிறு துளை போட்டுவிட்டால், காவேரிப்பட்டணத்துத் திருவிழா மேடையில் பிற்பகல் ஒத்திகையின்போதும், இரவு கச்சேரி தொடங்குமுன்னும், கிட்டார் வாசிப்பவரே சிறு ஸ்குரூ டிரைவரால் அதைத் திருத்திக்கொள்ள முடியும்.