கூச்சத்தை விலைபேசும் கடை: உடல் பருமன் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் அண்ணிக்குத் துணையாக ஓர் எடைக் குறைப்பு மையத்துக்குப் போயிருந்தேன். மையத்தின் பெயர் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்க்கும் மேடையில் ஏறச் சொன்னார்கள். எண் 84-இல் நின்றது. அதை அங்கிருந்த பெண் உரக்கப் படித்தார். காத்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணியின் முகம் சுருங்கிய அந்த நிமிடத்தில்தான் படிவமும் பேனாவும் மேசைக்கு வந்தன. ஆறு பக்கம். ஆடித் தள்ளுபடிச் சேலைக்குக்கூட முந்தானையை விரித்து இழை பார்க்கிற அண்ணி, ஒரு வரியும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தொழில் ஓடுவதே அந்தக் கூச்சத்தை நம்பித்தான். வாடிக்கையாளருக்குப் பஞ்சமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இவை 30.9, 28.2 என்றிருந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டது என்று நம்ப எனக்கு முடியவில்லை. ஆனால் பருமன் என்றாலே அது தன் வாயின் குற்றம் என்று ஒவ்வொருவரும் தலைகுனிந்துகொள்கிறோம். குனிந்த தலை, ஒப்பந்தத்தையும் பாலிசியையும் விளம்பரத்தையும் வாசிப்பதில்லை. மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் முளைக்கின்றன.

அண்ணியின் ஆறு பக்கத்தில் நான்காவது பக்கம் ஒரு கடன் விண்ணப்பம். மாதத் தவணை என்று மையம் சொன்னது உண்மையில் வேறொரு நிதி நிறுவனத்தின் கடன். மையம் தன் முழுப் பணத்தையும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடும். சிகிச்சை பிடிக்காமல் நீங்கள் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. வங்கிக் கணக்கில் பணம் இல்லையென்றால் கடன் மதிப்பெண் அடிவாங்கும். இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். “கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது” என்ற வரியைப் பார்த்துவிட்டு, சட்டமே கைவிட்டதுபோல ஒதுங்கிவிடுவது இன்னொரு தவறு. தராத சேவைக்கு வாங்கிய பணத்தைக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பெரும்பாலானோர் போவதில்லை. தன் எடையைச் சொல்லி ஒரு மனு எழுத யாருக்கு மனம் வரும்?

விளம்பரங்களுக்கு வருவோம். 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அழகு மற்றும் எடைக் குறைப்பு மையங்கள் நடத்தும் வி.எல்.சி.சி. நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கொழுப்பை உறையவைத்துக் கரைக்கும் ஒரு கருவியை முன்வைத்து, ஒரே அமர்வில் 600 கிராம், 7 சென்டிமீட்டர்வரை குறையும் என்று விளம்பரம் செய்ததுதான் விவகாரம். அந்தக் கருவிக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் தந்திருந்த அனுமதி, உடலின் சில இடங்களில் திரண்டிருக்கும் கொழுப்பைக் குறைக்க மட்டும். அதுவும் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 30 அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு. எடையைக் குறைக்கும் சிகிச்சையாக அதற்கு அனுமதியே கிடையாது. ‘அமெரிக்க அனுமதி பெற்றது’ என்ற சொல்லைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டியது ‘எதற்கு அனுமதி, யாருக்கு அனுமதி’ என்ற இரண்டைத்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு பழைய சட்டம் உண்டு. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று அதன் அட்டவணை ஒரு பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. முதல் முறை தண்டனை ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதைப் படித்த அன்று மாலை எங்கள் தெருவின் மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்று கம்பங்களில் சுவரொட்டி இருந்தது.

அந்தச் சட்டத்துக்குச் சந்து கண்டுபிடித்தவர்கள் எடைக் குறைப்புப் பொடி விற்பவர்கள். மருந்து என்றால்தானே வம்பு? உணவு என்று உரிமம் வாங்கிவிடுகிறார்கள். டப்பாவின் பின்புறம் இருக்கும் 14 இலக்க எண்ணைக் காட்டி ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்கிறார்கள். அந்த எண் சொல்வது இவர் உணவுத் தொழில் செய்ய உரிமம் பெற்றவர் என்பதை மட்டுமே. பக்கத்துத் தெரு மிக்சர் கம்பெனி பொட்டலத்திலும் அதேபோல ஓர் எண் இருக்கும்.

இப்போது எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளின் காலம். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாக்ளூட்டைடுக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், விலை குறைந்த மாற்றுகளுக்கு வழி திறக்கிறது. விலை குறைந்தால் நல்லதுதான். ஆனால் இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. உடற்பயிற்சிக் கூடத்தில் தெரிந்தவர் மூலம் வாங்கினால் ரசீது கிடைக்காது. ரசீது இல்லாத இடத்தில் புகாருக்கும் வழியில்லை.

காப்பீட்டில் நடக்கும் தவறுதான் மிகவும் வலிப்பது. முன்மொழிவுப் படிவத்தில் எடையை ஐந்தாறு கிலோ குறைத்து எழுதுவது நம் வழக்கம். முகவரே ‘எழுபத்தைந்து என்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்பார். பிறகு கோரிக்கை வரும்போது மருத்துவமனைக் குறிப்பில் வேறு எண் இருக்கும். உண்மையை மறைத்தார் என்று பணத்தை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே சாக்காகலாம்.

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடே கிடையாது, அது அழகுக்காகச் செய்வது என்று நினைப்பதும் தவறு. கட்டாயம் உண்டு என்று நம்பி மருத்துவமனையில் சேருவதும் தவறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில், அதாவது பாலிசி பணம் தராத செலவுகளின் பட்டியலில், இதற்கென ஒரு பத்தி இருக்கிறது. அதன்படி பணம் கிடைக்க வயது 18 நிறைந்திருக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரை வேண்டும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-ஐ எட்டியவர் என்றால் இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் போன்ற ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும். மற்ற வழிகளை முயன்று பலன் கிடைக்காமலும் போயிருக்க வேண்டும். அண்ணியின் உயரம் 158 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 33.6. இன்னும் நான்கு கிலோ கூடி, கூடவே ஒரு பெரிய நோயும் வந்தால்தான் பாலிசி அவரைத் திரும்பிப் பார்க்கும். தடுப்பதற்குத் தராத பணத்தை முற்றிய பிறகு தருகிற இந்தக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு சொல். கேரளம் 2016-இல் பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சா வகைகளுக்கு 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டது. டீக்கடைப் பழம்பொரியை அது தொடவில்லை. மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்ததும் வரியே மறைந்தது. டென்மார்க் 2011-இல் செறிவுற்ற கொழுப்புக்கு வரி போட்டது. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் வெண்ணெய் வாங்கினார்கள். 2013 தொடக்கத்தில் வரி போயிற்று. பிரிட்டன் வேறு மாதிரி யோசித்தது. 2016-இல் அறிவித்து 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் குளிர்பான வரி, சர்க்கரையின் அளவைப் பார்த்து ஏறுகிறது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே இறங்கினால் வரி இல்லை. எனவே வரி வருவதற்கு முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. நம் ஊரில் சர்க்கரை போட்ட கோலாவுக்கும், சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பூட்டி சேர்த்த கோலாவுக்கும் ஒரே 40 சதவீதம் ஜி.எஸ்.டி. குறைப்பவருக்கு என்ன லாபம்? 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் 18-இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பருமனைக் குறைக்கச் சொல்லும் அதே அரசுதான்.

உணவுப் பொட்டலத்தின் முன்பக்கத்தை நம்புவதும் ஒரு தவறுதான். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த உணவின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். இங்கே 2022-இல் பொட்டல உணவின் முகத்தில் நட்சத்திர மதிப்பீடு போடும் விதிக்கு ஒரு வரைவு வந்தது. எச்சரிக்கை வேண்டிய இடத்தில் நட்சத்திரம் தருவதா என்று எதிர்ப்பு எழுந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு முன்பக்க முத்திரை விதி குறித்துக் கெடு வைத்தது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது என்பது 2024-இல்தான் பலருக்கும் தெரியவந்தது. ஆகவே பின்பக்கத்தைத் திருப்புங்கள். 100 மில்லிக்குச் சேர்த்த சர்க்கரை 11 கிராம் என்றிருந்தால் 600 மில்லி பாட்டிலில் 66 கிராம். விதிமுறை ஒரு நாளைக்கு வைத்திருக்கும் கணக்கே 50 கிராம்தான். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று எழுதியிருந்தால், ஒரு பொட்டலத்தில் எத்தனை பரிமாறல் என்று பாருங்கள். பிள்ளை முழுப் பொட்டலத்தையும்தான் தின்னும்.

பிள்ளை என்றதும் ஒன்று. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று 2020 விதிமுறை சொல்கிறது. எங்கள் தெருப் பள்ளி வாசலிலிருந்து எதிர்ப் பெட்டிக்கடைவரை நடந்து எண்ணினேன். இருபத்திரண்டு அடி வைத்தேன். சரத்தில் தொங்கியவை எல்லாம் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள். கடைக்காரருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது, தலைமையாசிரியருக்கும் தெரியவில்லை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதலாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். “அந்தக் கடைக்காரருக்கு மூன்று பிள்ளைகள்” என்றார் அவர்.