சேகோ பனை: மரத்தில் இருந்த மாவு எங்கே போகிறது?

நம் கடைகளில் கிடைக்கும் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. அசல் சேகோ, சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனையின் தண்டுச் சோற்றிலிருந்து, அதாவது தண்டின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதியிலிருந்து வருகிறது. மலேசியாவின் சரவாக்கில், முக்கா பகுதி மெலனாவ் மக்களுக்கு அதுதான் பரம்பரை உணவும் பிழைப்பும். நல்ல மரம் ஒன்று 100 முதல் 300 கிலோ வரை காய்ந்த மாவு தரும். அந்த அளவு குறைந்தால், முதலில் வெட்டிய நாளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பனை 10 முதல் 15 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். தண்டில் மாவு சேர்வதே அந்தப் பூப்புக்காகத்தான். பூங்கொத்து எழும்பும்போதிலிருந்து பூக்கும் வரை வெட்டலாம். காய் முற்ற முற்ற மாவு கரைந்து, கடைசியில் நார்தான் மிஞ்சும். பணமுடையில் இளமரத்தை வெட்டுவதும் நட்டமே: மாவு அடித்தண்டில் தொடங்கி மேல்நோக்கி நிறைவதால், மேல்பாதி வெறும் ஈரச்சோறாக இருக்கும். புது ஓலைகள் முன்னைவிடக் குட்டையாக வந்தால் பூப்பு நெருங்குகிறது என்று கொள்ளலாம். ஐயம் இருந்தால் தண்டில் துளையிட்டுக் கொஞ்சம் சோறு எடுத்துத் தண்ணீரில் பிசைந்து பாருங்கள். மாவு படிகிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது தாமதம். ஏறக்குறைய ஒரு மீட்டர் துண்டுகளாக நறுக்கித் தெப்பமாகக் கட்டி ஆற்றில் ஆலைக்கு அனுப்புவது முக்கா வழக்கம். துண்டுகள் நாள்கணக்கில் கிடந்தால் நுண்ணுயிர்கள் மாவைத் தின்னும், புளிப்பு வாடை ஏறும். சீவிய சோறு காற்றுப்பட்டாலே பழுப்பாகும்; அன்றே தண்ணீரில் அலசி மாவைப் பிரித்துவிட வேண்டும். பாதி மட்கிய செடிகொடிகள் சேர்ந்த கரிச்சதுப்பு நிலத்தின் தேநீர் நிறத் தண்ணீரில் அலசினால் மாவிலும் அந்த நிறம் ஏறி விலை விழும். மழைநீர் நல்லது. தொட்டியில் மாவு நன்றாகப் படியும் முன் தண்ணீரைச் சாய்த்தால் நுண்மாவு அதோடு போய்விடும்.

பக்கக்கன்றுகளை மொத்தமாக அழிக்காதீர்கள். அப்படியே விட்டுவிடவும் வேண்டாம், நெரிசலில் எதுவும் தடிக்காது. ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்றை விட்டு மற்றதைக் கழித்தால், ஒரே தூரில் அடுத்தடுத்து மரம் கிடைக்கும்.

மாவை அலசி எடுத்தபின் மிஞ்சும் சக்கையை ஆற்றில் கொட்டுவது மன்னிக்க முடியாத தவறு. அது அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்கிறது. மாவு மிச்சமிருக்கும் அந்தச் சக்கை கால்நடைத் தீவனமாகும்.

ஈரமாவைத் தண்ணீருக்கடியில், காற்றுப்படாமல் வையுங்கள். பூஞ்சை பிடித்த பழைய சேகோவைத் தின்றவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் கொடிய நோய் வந்தது பாப்புவா நியூகினியில் பதிவாகியிருக்கிறது. மேலே சுரண்டிவிட்டுச் சமைக்க வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.