ஒன்பதாவது இடத்தில் இருந்த கல்லூரி: பொறியியல் கலந்தாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன், பொறியியல் கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்த மறுநாள், என்னிடம் படித்த மாணவி ஒருத்தி கோடு போட்ட நோட்டு ஒன்றோடு வந்தாள். அதில்தான் அவள் தன் விருப்பப் பட்டியலை முதலில் எழுதிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் முந்தைய ஆண்டின் கட்-ஆஃப், அதாவது அங்கே கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண், பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. அவள் சேர ஆசைப்பட்ட கல்லூரி எது என்று எனக்குத் தெரியும். அது ஒன்பதாவது இடத்தில் இருந்தது.

"ஏனம்மா இதைக் கீழே போட்டாய்?"

"கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும் என்று மாமா சொன்னார் சார்."

அவளுக்கு முதல் விருப்பமே கிடைத்திருந்தது. ஒதுக்கீட்டு விவரங்கள் வெளிவந்தபோது, அந்த ஒன்பதாவது கல்லூரியில், அதே துறையில், அதே இட ஒதுக்கீட்டுப் பிரிவில், தரவரிசையில் அவளுக்குப் பின்னால் இருந்தவருக்கு இடம் போயிருந்தது. அந்த இடம் அவளுக்கு வரவேண்டியது.

மாமாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆனால் ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, வருடா வருடம் பல வீடுகளில் இதே ஆலோசனை சொல்லப்படுகிறது. கணினி மாணவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் முறை வரும்போது முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்திவிடும். எட்டாத கல்லூரிகள் பதினைந்தை மேலே போட்டாலும், பதினாறாவதாக இருக்கும் கல்லூரியில் உங்களுக்குரிய வாய்ப்பு துளியும் குறையாது. ஒரு கல்லூரியை முதலில் போட்டதற்காக அதில் முன்னுரிமையும் கிடையாது. எனவே வரிசை உங்கள் ஆசையின் வரிசையாக மட்டுமே இருக்க வேண்டும். கட்-ஆஃப் பார்ப்பது பட்டியல் எவ்வளவு தூரம் கீழே நீள வேண்டும் என்பதை முடிவுசெய்யத்தான். பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நிறையப் போடுங்கள். ஆனால் கிடைத்தாலும் சேரப்போவதில்லை என்ற கல்லூரியைப் பட்டியலில் எங்கேயும் வைக்காதீர்கள்.

இதே காரணத்தால்தான், ஒதுக்கீடு வந்த பிறகு தரப்படும் 'ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்' என்ற வாய்ப்பையும் புரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைத்த இடத்துக்கு மேலே நீங்கள் எழுதியவை மட்டும்தான் மறுபடி பார்க்கப்படும். மேலே ஓர் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் கைவிட்டுப் போய்விடும். அந்த மாணவிக்கு முதல் விருப்பமே கிடைத்ததால், மேலே போக அவளுக்குப் படியே இல்லை.

கட்-ஆஃப் என்ற எண்ணை மட்டும் நம்புவதும் தவறு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் அந்த மதிப்பெண், தேர்வு கடினமாக இருந்த ஆண்டிலும் எளிதாக இருந்த ஆண்டிலும் ஒரே மதிப்பு உடையதல்ல. 2021-ல் பெருந்தொற்றால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை; பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டின் 185-ஐ வேறோர் ஆண்டின் 185-ஓடு எப்படி ஒப்பிடுவது? ஒப்பிட வேண்டியது தரவரிசை எண்ணை, அதிலும் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவின் தரவரிசையை.

சரி, ஆசையின் வரிசை என்கிறேன். அந்த ஆசை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாளிதழின் முழுப்பக்க விளம்பரத்திலிருந்தும் சாலையோரப் பதாகையிலிருந்தும். கல்லூரியைப் பற்றிக் கல்லூரியே சொல்வதை மட்டும் வைத்து நான்கு ஆண்டுகளை ஒப்படைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

'95 விழுக்காடு வேலைவாய்ப்பு' என்கிறார்கள். எத்தனை பேரில் 95 என்று கேளுங்கள். பல இடங்களில் அது 'தகுதியுள்ள' மாணவர்களில் 95. அரியர் வைத்திருப்பவர்களும் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்களும் கணக்கெடுப்பதற்கு முன்பே வெளியே போய்விடுவார்கள். 'ஆயிரம் பணியாணைகள்' என்றால் ஆயிரம் மாணவர்கள் என்று பொருள் இல்லை. ஒரே மாணவர் கையில் மூன்று ஆணைகள் இருக்கலாம். பெரிய எழுத்தில் போடுகிற ஆண்டுச் சம்பளம் ஒருவருக்கோ இருவருக்கோ கிடைத்தது.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய ஆவணம் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. தரவரிசை எண்ணை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்காகக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் விவரப் படிவம். அதைக் கல்லூரி தன் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும்; பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் கிடக்கும். திறந்து பாருங்கள். முதலாம் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் என்ன என்று ஒரே அட்டவணையில் இருக்கும். இடைநிலை என்றால் பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்கு அதற்குக் கீழ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 பேர் சேர்ந்தார்கள், 420 பேர் நான்கு ஆண்டில் முடித்தார்கள், 270 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தகுதியுள்ளவர்கள்' 285 பேர் என்று எடுத்தால் விளம்பரத்தில் இது 95 விழுக்காடு. சேர்ந்தவர்களில் பார்த்தால் 45. வாசலில் நிற்கும் உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது எண். அதே படிவத்தில், ஆய்வகக் கருவிகளுக்கும் நூலகத்துக்கும் ஆண்டுக்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்பதும் இருக்கும். கட்டடத்தின் கண்ணாடி முகப்பை விட அந்த வரி அதிகம் சொல்லும். இவையும் கல்லூரி தானே தரும் விவரங்கள்தான். இருந்தாலும் மூன்று ஆண்டுப் படிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பொருந்தாதவை கண்ணில் படும்.

அங்கீகாரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. நாக் (NAAC) என்ற தேசிய அமைப்பு தருவது கல்லூரி முழுமைக்குமான மதிப்பீடு. என்.பி.ஏ. (NBA) என்ற இன்னொரு தேசிய அமைப்பின் அங்கீகாரம் தனித்தனிப் படிப்புகளுக்கு. 'எங்கள் கல்லூரி என்.பி.ஏ. பெற்றது' என்று சொன்னால், நீங்கள் சேரப்போகும் துறை பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு ஆண்டு மாணவர் அணிகள் படித்து வெளியேறிய பிறகுதான் ஒரு படிப்பு அதற்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், புதிய பெயரோடு வந்திருக்கும் பாடப்பிரிவுகளுக்கு அது இருக்காது. அதற்காகவே ஒதுக்க வேண்டாம். அந்தப் பாடத்தை நடத்த யார் இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரே ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாகப் பணிபுரிவதாகக் காட்டப்பட்டிருப்பதை வெளிக்கொண்டுவந்தது. அதன் பிறகும் இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை அப்படியே நம்ப முடியுமா?

இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பார்க்க வேண்டிய பட்டியல்தான். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளும் திருத்தமும் தங்கள் கையில் வைத்திருப்பதால், அவற்றின் தேர்ச்சி விகிதத்தை இதனோடு ஒப்பிடக் கூடாது.

கல்லூரியை நேரில் பார்க்காமல் விருப்பப் பட்டியலை இறுதி செய்து பூட்டாதீர்கள். அதிலும் அவர்கள் அழைக்கும் நாளில் போக வேண்டாம். சாதாரண வேலை நாளில், மாலை வகுப்பு முடியும் நேரத்தில் போய், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். "ஆய்வகத்தில் நீங்களே கருவியைத் தொட்டுச் செய்தீர்களா, அல்லது சுற்றி நின்று பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். வீட்டிலிருந்து போய்வருவதாக இருந்தால், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்பது நான்கு ஆண்டுகளுக்கு என்ன ஆகும் என்பதையும் அந்தப் பயணத்திலேயே உணர்ந்துவிடலாம்.

கலந்தாய்வு தொடங்கும் முன்பே, பயத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். பிறகு நல்ல இடம் கிடைத்தாலும் சான்றிதழைத் திரும்ப வாங்க அலைகிறார்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை. இதைச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

கடைசியாக, கல்லூரியைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் கலந்தாய்வில் அதற்கு உள்ள குறியீட்டு எண்ணை வைத்துத் தேர்ந்தெடுங்கள். சி.ஐ.டி. என்ற சுருக்கப் பெயரில் கோவையிலும் ஒன்று இருக்கிறது, சென்னையிலும் ஒன்று இருக்கிறது. கோவைக் கல்லூரியின் எண் 2007. துறையின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அதே கல்லூரி, அதே கட்டடம், ஆனால் கட்டணம் வேறு. பட்டியலைப் பூட்டுவதற்கு முன் வீட்டில் ஒருவர் நோட்டைப் பார்த்துக் கல்லூரி எண்ணையும் துறையின் குறியீட்டையும் உரக்கப் படிக்க, மாணவர் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும். நூறு வரிகள் இருந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.