லாரி கியர் பாக்ஸ் போச்சா? இறக்கும் முன் இதைப் பாருங்க

இன்ஜின் ஓடும்போது கியர் விழ மறுத்து, ஆஃப் செய்தால் லேசாக விழுகிறதா? கோளாறு பெரும்பாலும் கிளட்ச்சில்தான். பாக்ஸைத் தொடாதீங்க.

அடுத்து, சூடாக இருக்கும்போதே ஆயிலைச் சுத்தமான தட்டில் இறக்கி, வேட்டித் துணியில் வடிகட்டுங்க. டிரெய்ன் பிளக் காந்தத்தில் சாம்பல் நிற மை போல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். துணியில் பித்தளைப் பொடி மின்னினால் சிங்க்ரோ ரிங் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) தேய்ந்திருக்கு. நகத்தில் உறுத்தும் இரும்புச் சில்லு வந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கும், திறந்தே ஆகணும்.

டைரக்ட் டாப் கியரில் (இன்ஜின் சுற்று நேராக வெளியே போகும் கியர்) மட்டும் சத்தம் அடங்கினால் லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள் இருக்கும் துணை ஷாஃப்ட்) பேரிங்கைச் சந்தேகப்படுங்க. அந்தக் கியரில் அதன்மேல் பாரம் இல்லை.

ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும்போது கியர் துள்ளி நியூட்ரலுக்கு வருதா? மேல் மூடியில் கியரை நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங், இரும்புக் குண்டு (பால்) இரண்டையும் முதலில் பாருங்க. சில்லறைச் செலவு. அது சரியாக இருந்தால்தான் பல் தேய்மானத்தைச் சந்தேகப்படணும்.

ஷாஃப்ட்டும் பல்லும் சேர்ந்து போயிருந்தால், லாரி உடைக்கும் கடையில் பழைய பாக்ஸ் எடுப்பதே லாபம். உங்கள் கிளட்ச் பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் ஸ்ப்லைனில் (பாக்ஸ் ஷாஃப்ட் முனையில் உள்ள வரிப் பல்) மாட்டிப் பாருங்க. பாக்ஸ் நம்பரும் பொருந்தணும். ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றுங்க. எங்காவது தடுக்கினால் வேண்டாம். பெயின்ட் பளபளப்பை நம்பாதீங்க.

மாட்டும்போது ஜாக்கி தாங்கட்டும். பாக்ஸ் கிளட்ச் பிளேட்டில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். ஆயில் சீல், ரிலீஸ் பேரிங் புதுசு போடுங்க, பிரீதரை (பாக்ஸின் காற்றுத் துளை) ஊதி அடைப்பு எடுங்க. அடைத்திருந்தால் புது சீலும் கசியும்.