தெருவில் உதவும் கலப்புத் தற்காப்புக் கலை: எதை முதலில் பழகுவது?
யுஎஃப்சி என்னும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டித் தொடரின் முதல் போட்டியில், 1993-இல், ஒல்லியான ராய்ஸ் கிரேசி பிரேசிலிய ஜியு-ஜிட்சு (எதிராளியைத் தரையில் வீழ்த்திப் பிடிபோடும் கலை) பிடிகளால் தம்மைவிடக் கனத்தவர்களை வென்றார். ஆனால் அங்கே ஒரு நேரத்தில் எதிராளி ஒருவரே, நடுவரும் உண்டு. தெருவில் இரண்டுக்கும் உறுதியில்லை என்பதால், தரையில் கிடந்து பிடிபோடுவதைவிட, விழுந்தால் விரைந்து எழுவதையே முதலில் பழகுங்கள்: ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மறுகையால் முகத்தைக் காத்து, இடுப்பை உயர்த்தி, ஊன்றிய கையின் பக்கத்துக் காலைப் பின்னுக்கு இழுத்து எழுந்து நில்லுங்கள்.

குத்துச்சண்டையின் கால்நகர்வு இடைவெளியைக் காக்கும். எனினும், கையுறையில்லாத முஷ்டி மண்டையில் மோதினால் கையெலும்பு முறியக்கூடும்; மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கைப் பகுதியால் தாக்குவதே நல்லது என்பேன். உண்மையாக எதிர்க்கும் துணையோடு பழகாத உத்தி, பதற்றத்தில் கைகொடுக்காது.

கத்தி தென்பட்டால், பணப்பையைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுங்கள்.